புதுச்சேரி எத்தனை முறை கை மாறியது தெரியுமா?

ஆகஸ்ட் 15 கொடியேற்றம் முடிந்து மிட்டாயும் கொடுத்தாகிவிட்டது. மறுநாள் ஆகஸ்ட் 16. தமிழ்நாடு வேலைக்குத் திரும்பிவிடும். புதுச்சேரியில் மட்டும் மறுபடியும் விடுமுறை, மறுபடியும் கொடியேற்றம்! அதுவும் கடற்கரைச் சாலையில் இல்லை. ஊரிலிருந்து வில்லியனூர் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருக்கும் கீழூர் என்ற சின்னக் கிராமத்தில், ஒரு நினைவுத் தூணுக்கு முன்னால். அது முடிந்து இரண்டரை மாதம் கழித்து, நவம்பர் 1 அன்று இன்னொரு விடுதலை நாள்! ஒரே ஊருக்கு இத்தனை விடுதலை நாள் எப்படி வந்தது தெரியுமா?

பதிலை ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கில இலக்கண வகுப்பில் 'டேக் ஓவர்' என்பதற்கு மூன்று பொருள் சொல்லிக் கொடுப்பார்கள். நாட்டைக் கைப்பற்றுவது, கம்பெனியை எடுத்துக்கொள்வது, இன்னொருவர் விட்டுப்போன பொறுப்பை ஏற்பது. மூன்றுக்கும் உதாரணம் தேடி உலகம் சுற்ற வேண்டாம். கடலூருக்கு வடக்கே பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் இந்த ஒரே ஊர் போதும்.

பிரான்சுவா மார்த்தேன் என்ற பிரெஞ்சு வணிகர் 1674-ல் இங்கே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்பை ஏற்று ஊரை வளர்க்கத் தொடங்கினார். இருபது வருடம்கூட ஆகவில்லை. 1693-ல் டச்சுக்காரர்கள் கப்பல் கப்பலாக வந்து கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். ஆமாம், பிரிட்டிஷாருக்கும் முன்னால் புதுச்சேரியைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள்! ஆறு வருடம் அவர்கள் ஆட்சி நடந்தது. அந்த ஆறு வருடத்தில் அவர்கள் செய்த வேலையைத்தான் இன்று சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் 'ஆகா, பிரெஞ்சு அழகு' என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இந்த ஊரில் வழி கேட்டவர்களுக்குத் தெரியும். நேராகப் போங்கள், இரண்டாவது வெட்டில் வலது பக்கம் என்பார்கள், போனால் சரியாக இருக்கும். வீதிக்கு வீதி செங்குத்தாக வெட்டும் இந்தக் கட்டம் கட்டமான அமைப்பின் மூலத்தை ழான் தெலோஷ் என்ற அறிஞர் தேடிப் போனார். புதுச்சேரியிலேயே பல காலம் இருந்து ஆய்வு செய்தவர் அவர். நெதர்லாந்து ஆவணங்களில் இருந்த 17-ம் நூற்றாண்டு வரைபடங்களை எடுத்துப் பார்த்தபோது, 1694-ஐ ஒட்டிய காலத்திலேயே டச்சுக்காரர்கள் ஊரைக் கோடு போட்டுத் திட்டமிட்டிருந்தது தெரியவந்தது. இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு இந்த வீதி என்று தமிழர் குடியிருப்பையும் பிரித்து வரைந்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து அந்தக் கோட்டின் மேலேயே கட்டினார்கள். இதைவிட வியப்பு என்னவென்றால், ஊரைத் திருப்பிக் கொடுக்கும்போது, தாங்கள் செய்த கோட்டைத் திருத்தங்களுக்கு டச்சுக்காரர்கள் விலை கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்கள். தன் ஊரைத் தானே பணம் கொடுத்து வாங்கியது போல ஆயிற்று மார்த்தேனுக்கு!

இந்த இடத்தில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரைத் திருப்பித் தருவதாக ஐரோப்பாவில் ரிஸ்விக் என்ற இடத்தில் கையெழுத்தானது 1697. ஊர் உண்மையில் கைக்கு வந்தது 1699. இரண்டு வருட இடைவெளி. இந்த இரண்டு வருடக் கணக்கு மறுபடி வரப்போகிறது.

அதற்கு முன்னால் ஒரு கல் தூணின் கதை. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில், சட்டமன்றக் கட்டடத்தில் இருக்கும் பளபளப்பான கறுப்புத் தூண்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவை ஒரு காலத்தில் புதுச்சேரிக்குக் கொள்ளைப் பொருளாக வந்து போனவை! 1746-ல் லபூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையையே பிடித்துவிட்டார்கள். மூன்று வருடம் சென்னை புதுச்சேரியின் பிடியில் இருந்தது. இன்று சென்னையிலிருந்து வார இறுதிக்குப் புதுச்சேரி வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அப்போது தூண்கள் இங்கே வந்தன. பிறகு ஐரோப்பிய சமாதானத்தில், வட அமெரிக்காவில் இருந்த லூயிபூர் என்ற பிரெஞ்சுக் கோட்டையை பிரிட்டன் திருப்பித் தந்தது, பதிலுக்கு 1749-ல் பிரான்ஸ் சென்னையைத் திருப்பித் தந்தது. கனடாக் கடற்கரையின் ஒரு கோட்டைக்கு ஈடாக மயிலாப்பூருக்குப் பக்கத்து ஊர்! தூண்கள் மட்டும் உடனே போகவில்லை. அவை சென்னைக்குத் திரும்பியது 1761-ல், பிரிட்டிஷார் புதுச்சேரியைப் பிடித்த பிறகு.

அந்த 1761-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த ஊரின் வரலாற்றில் அதைவிடக் கொடிய வருடம் இல்லை.

அயர் கூட் என்ற பிரிட்டிஷ் தளபதி நிலத்தில் சூழ்ந்துகொண்டார், கடலில் அவர்களுடைய கப்பல்கள். கோட்டைக்குள் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி. உள்ளே அரிசி தீர்ந்துகொண்டே வந்தது. 1760 நவம்பர் கடைசியில் லாலி ஒரு முடிவு எடுத்தார். கோட்டைக்குள் இருந்த தமிழர்கள் சுமார் 1,400 பேரை, ஆண் பெண் குழந்தைகள் என்று பாராமல், சாப்பாடு மிச்சமாகும் என்பதற்காக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். வெளியே வந்தால் கூட்டின் படை வழி விடவில்லை, திருப்பி விரட்டியது. திரும்பி ஓடினால் கோட்டையிலிருந்து சுட்டார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவில், வெட்டவெளியில், காட்டில் கிடைத்த வேரையும் கீரையையும் தின்றபடி ஒரு வாரம் கிடந்தார்கள் அந்த மக்கள். கடைசியில்தான் கூட் மனமிரங்கி வழி விட்டார். ஊரை யார் எடுத்துக்கொள்வது என்று இரண்டு ராஜாக்கள் சண்டை போடும்போது, அந்த ஊரில் பிறந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. 1,400 பேரில் ஒருவருடைய பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

ஜனவரி 1-ம் தேதி பெரும் புயல் ஒன்று வந்து பிரிட்டிஷ் கப்பல்களைப் புரட்டிப் போட்டது. முற்றுகை தளர்ந்துவிடும் என்று உள்ளே இருந்தவர்கள் நம்பினார்கள். தளரவில்லை. ஜனவரி 16-ம் தேதி ஊர் வீழ்ந்தது. இருபத்தைந்து வருடம் இந்த ஊரின் ஒவ்வொரு நாளையும் தமிழில் எழுதி வைத்தாரே ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாசி, அவர் கண் மூடியது எப்போது தெரியுமா? ஊர் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்னால், அதே ஜனவரியில்! 1736-ல் தொடங்கிய நாட்குறிப்பு, அது எழுதப்பட்ட ஊரின் கதையோடு சேர்ந்தே முடிகிறது.

இதற்கு அடுத்து நடந்ததுதான் நம்ப முடியாதது. ஊரைப் பிடித்தாயிற்று, சரி, யார் எடுத்துக்கொள்வது? பிரிட்டிஷ் மன்னருடைய படை பிடித்ததால் ஊர் மன்னருக்குச் சொந்தம் என்றார் கூட். இல்லை, பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தம் என்றார் சென்னை ஆளுநர் பிகாட். பிடித்தவர்களுக்குள்ளேயே வழக்கு! பிகாட் கடைசியாக ஓர் அஸ்திரம் எடுத்தார். ஊரை என்னிடம் ஒப்படைக்கும் வரை படைச் சம்பளத்துக்கும் கைதிகளின் சாப்பாட்டுக்கும் ஒரு காசு தரமாட்டேன் என்றார். கூட் பணிந்தார். பீரங்கியால் எடுத்த ஊரை, சம்பளப் பட்டுவாடாவை நிறுத்தி எடுத்துக்கொண்டார் பிகாட்.

எடுத்துக்கொண்டு என்ன செய்தார்? இடித்தார். கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை லாலி 1758-ல் தரைமட்டம் ஆக்கியதற்குப் பதிலடி. கோட்டை, மாளிகை, வெள்ளையர் வீடுகள் எல்லாம் மண்ணானது. ஆகவே இன்று வெள்ளை நகரத்தில் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று 'துய்ப்ளே காலத்து வீடு' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். துய்ப்ளே நடந்த வெள்ளை நகரம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இப்போது நாம் பார்ப்பது 1765-க்குப் பிறகு மறுபடி எழுந்த ஊர். லாலியின் கதியும் சொல்லிவிடுகிறேன்: பாரீசில் ராஜதுரோக வழக்கு நடந்தது, 1766-ல் தலையை வெட்டினார்கள். புதுச்சேரியைப் பறிகொடுத்ததற்குத் தண்டனை.

இப்போது அந்த இரண்டு வருடக் கணக்குக்கு வாருங்கள். புதுச்சேரியைத் திருப்பித் தரும் பாரீஸ் ஒப்பந்தம் 1763. பிரெஞ்சு ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் இங்கே வந்து இடிபாடுகளைப் பொறுப்பேற்றது 1765. அடுத்து 1778. பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்க விடுதலைப் போருக்குத் துணை போனார்கள், அந்தக் கோபத்தில் பிரிட்டிஷார் இங்கே முற்றுகை போட்டார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் போர் வில்லியனூர் வாசல் வரை வந்தது என்றால் மிகையே இல்லை! பெல்கோம் என்ற ஆளுநர் இரண்டு மாதம் தாக்குப்பிடித்து அக்டோபரில் சரணடைந்தார். திருப்பித் தரும் ஒப்பந்தம் வெர்சாயில் 1783. ஊர் கைக்கு வந்தது 1785. பிறகு பிரெஞ்சுப் புரட்சி, 1793-ல் மூன்றாவது தடவையாகப் பிரிட்டிஷார். ஒப்பந்தம் பாரீசில் 1814. ஊர் கைக்கு வந்தது 1816.

1697, 1699. 1763, 1765. 1783, 1785. 1814, 1816. நான்கு தடவையும் சொல்லி வைத்ததுபோல இரண்டு வருடம்! கப்பல் வர வேண்டும், ஆணை வர வேண்டும், சரக்குப் பட்டியல் போட வேண்டும், நடுவில் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பி ஓடிவராமலும் இருக்க வேண்டும். காகிதம் முதலில் வரும், ஊர் பிறகுதான் வரும். இதைப் பிடித்துக்கொண்டால் புதுச்சேரி வரலாறு முழுவதும் பிடிபடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காகிதம் வந்தும் ஊர் வராத கதையும் ஒன்று உண்டு. 1802-ல் அமியேன் ஒப்பந்தம் புதுச்சேரியை பிரான்சுக்குத் தந்தது. பொறுப்பேற்க நெப்போலியன் அனுப்பிய ஆள் தளபதி தெகான். லினுவா என்ற கடற்படைத் தலைவரோடு பிரெஸ்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். வேகமான கப்பல் ஒன்று முன்னால் போய், பினோ என்ற அதிகாரியையும் கொஞ்சம் படைவீரர்களையும் 1803 ஜூனில் இங்கே இறக்கிவிட்டது. பினோ ஊரை ஒப்படைக்கச் சொன்னார். பிரிட்டிஷார் அசையவில்லை. உத்தரவு வரவில்லை, பார்ப்போம் என்றார்கள். ஜூலையில் தெகானே வந்து சேர்ந்தார். வந்து பார்த்தால் கடலூர்ப் பக்கம் பிரிட்டிஷ் கப்பல்கள் அணிவகுத்து நிற்கின்றன. மறுநாளே பின்னால் இன்னொரு பிரெஞ்சுக் கப்பல் அவசரச் செய்தியோடு வந்தது: மறுபடி போர் மூளும் போலிருக்கிறது, மொரீஷியசுக்குப் போய்விடுங்கள்! உண்மையில் ஐரோப்பாவில் போர் மே மாதமே தொடங்கிவிட்டது, இந்தக் கடற்கரையில் இரண்டு பக்கத்துக்கும் அது இன்னும் தெரியாது. அன்று இரவே லினுவாவின் கப்பல்கள் சத்தமில்லாமல் பாய் விரித்துக் கிளம்பிவிட்டன. விடிந்து பார்த்தால் கடலில் ஒன்றும் இல்லை. பினோவும் அவருடைய ஆட்களும் கரையில் தனியாக நின்றார்கள், செப்டம்பரில் சரணடைந்தார்கள். புதுச்சேரியை ஆள வந்த தெகான் மொரீஷியசை ஆண்டார்.

1816-க்குப் பிறகு நூற்று முப்பத்தெட்டு வருடம் ஊர் கை மாறவில்லை. அந்தக் காலத்தில் இங்கே கோட்டை எழுப்பவோ படையைப் பெருக்கவோ பிரான்சுக்கு அனுமதி இல்லை. ஆனால் எல்லைக்கோடு ஒன்று இருந்தது, அதுவே பலருக்குக் கோட்டையாக இருந்தது. பாரதியார் 1908-ல் வந்தார், அரவிந்தர் 1910-ல் வந்தார். பிரிட்டிஷ் போலீஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று வேவு பார்க்கத்தான் முடிந்தது. 1940-ல் ஜெர்மனி பாரீசைப் பிடித்தபோது, பிரெஞ்சுக் காலனிகள் பல ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசின் பக்கம் போயின. இங்கே ஆளுநர் பொன்வேன் தெகோலின் சுதந்திர பிரான்ஸ் பக்கம் நின்றார். நின்றதால்தான் சுற்றி இருந்த பிரிட்டிஷார் நான்காவது முறையாக உள்ளே வரவேண்டிய தேவை இல்லாமல் போனது.

இனி 1954. நெஞ்சு படபடக்கும் வருடம். எல்லாம் ஒரே வருடத்தில்! இந்தியா விடுதலை பெற்று ஏழு வருடம் ஆகியும் வில்லியனூரில் மூவண்ணக் கொடி ஏற்றினால் பிரெஞ்சுப் போலீஸ் பிடிக்கும். வ. சுப்பையா போன்ற தலைவர்கள் வருடக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். மார்ச் மாதம், அதுவரை பிரெஞ்சு ஆட்சிக்குத் துணையாக இருந்த எதுவார் குபேர் திடீரென்று இந்தியாவோடு சேர வேண்டும் என்று அணி மாறினார். பெரிய மார்க்கெட்டுக்கும் கடற்கரைச் சாலைக்கும் இன்று இருக்கும் குபேர் என்ற பெயர் இவருடையதுதான். ஊருக்கு ஊர் மேயர்கள் இணைப்புத் தீர்மானம் போட்டார்கள். நெட்டப்பாக்கம் முதலில் விடுதலை ஆனது, அங்கே தற்காலிக அரசே அமைந்தது! ஜூன் 13 அன்று ஏனாம். முன்னாள் போலீஸ் அதிகாரி தாதாலா ரமணய்யா தலைமையில் தொண்டர்கள் புகுந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார்கள். ஜூலை 16 அன்று மாகி. ஐ.கே. குமாரன் தலைமையில் மகாஜன சபை முற்றுகையிட, பிரெஞ்சு நிர்வாகி கப்பலேறிப் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது புதுச்சேரியும் காரைக்காலும். பிரெஞ்சு அரசியல் சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை. மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெரிய வாக்கெடுப்பு நடத்தினால் கலவரம் ஆகும், காலமும் ஆகும். ஆகவே மக்களால் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களும் நகர்மன்ற உறுப்பினர்களும் கூடி வாக்களித்தால் போதும் என்று முடிவாயிற்று. 1954 அக்டோபர் 18, கீழூர். மொத்தம் 178 பேர். வாக்குகளை எண்ணினால் இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8.

178 பேர்! கல்யாண மண்டபத்தில் ஒரு பந்தியில் உட்காரும் அளவுதான். லட்சக்கணக்கான மக்களின் குடியுரிமையை அவர்கள் ஒரு நாளில் முடிவு செய்தார்கள். எதிராக வாக்களித்த 8 பேரையும் நான் மதிப்போடுதான் நினைக்கிறேன். காற்று முழுக்க ஒரு பக்கம் வீசும்போது மறுபக்கம் நின்றார்கள், எண்ணிக்கையில் அவர்களும் பதிவானார்கள். 1760-ல் கோட்டைக்கு வெளியே தள்ளப்பட்ட 1,400 பேரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தடவைதான் முதன்முதலாக இந்த ஊர்க்காரர்களைக் கேட்டு ஊர் கை மாறியது. அதனால்தான் கீழூரில் அந்தத் தூண்.

அக்டோபர் 21 டெல்லியில் ஒப்பந்தம், நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. பதினோரு நாள்தான்! இரண்டு வருடக் கணக்கு உடைந்தது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார். ஆனால் இங்கேதான் கதை தலைகீழாகிறது. அதுவரை காகிதம் முதலில், ஊர் பிறகு. இந்தத் தடவை ஊர் முதலில் வந்துவிட்டது, காகிதம் வரவே இல்லை! முழு ஒப்படைப்பு உடன்படிக்கையில் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோகும் 1956 மே 28 அன்று கையெழுத்துப் போட்டார்கள். அதை பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். ஏற்கவில்லை. வருடங்கள் போயின. ஏன் தெரியுமா?

அல்ஜீரியா! புதுச்சேரி கை மாறிய அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரிய விடுதலைப் போர் வெடித்தது. தேதியை இன்னொரு தடவை பாருங்கள், அதே நாள். அங்கே ஒரு காலனியை விடமாட்டோம் என்று ரத்தம் சிந்திக்கொண்டிருக்கும்போது, இங்கே ஒரு காலனியைக் கொடுத்தோம் என்று பாரீசில் வாக்கெடுக்க எந்த அரசுக்குத் துணிவு வரும்? 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை ஆனது. அதே ஜூலையில் புதுச்சேரி உடன்படிக்கைக்கு பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைத்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று பத்திரங்கள் கை மாறின. கிட்டத்தட்ட எட்டு வருடம் இந்திய அதிகாரிகள் ஆண்ட ஊர், சட்டப்படி பிரான்சாக இருந்தது! அந்த எட்டு வருடத்தில் முத்தியால்பேட்டையிலோ உழவர்கரையிலோ பிறந்த குழந்தை, இந்தியக் கொடிக்குக் கீழே பிறந்த பிரெஞ்சுக் குழந்தை.

அந்த உடன்படிக்கையை யாராவது முழுதாகப் படித்திருக்கிறீர்களா? ஒரு ஊரை எடுத்துக்கொள்வது என்றால் எதையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வியப்பாக இருக்கும். அரசு ஊழியர்களை இந்தியா தன் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். புழக்கத்தில் இருந்த பிரெஞ்சிந்திய நாணயத்தின் மதிப்பை ஒரு வருடத்துக்குள் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தோசீனா வங்கி அச்சடித்த ரூபாய் நோட்டுகள் இங்கே ஓடிய காலம் அது. பள்ளிகளும் ஆய்வு நிறுவனமும் தொடர வேண்டும். அந்தப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இங்கே திறக்கப்பட்டதே இந்தியா பொறுப்பேற்று ஐந்தே மாதத்தில், 1955 மார்ச்சில்தான். பிரெஞ்சு ஆட்சி போன பிறகு வந்த பிரெஞ்சு நிறுவனம்!

1962-க்குப் பிறகு ஆறு மாதம் அவகாசம். இங்கேயே பிறந்து வாழ்ந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. அண்ணன் பிள்ளைகள் பாரீசில், தம்பி பிள்ளைகள் லாசுப்பேட்டையில். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை இன்னமும் 'சொல்தா' என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் புதுச்சேரியிலேயே வாக்குச்சாவடி திறக்கிறார்கள், சேலையும் வேட்டியும் கட்டியவர்கள் வரிசையில் நின்று பிரான்சின் அதிபருக்கு ஓட்டுப் போடுகிறார்கள்.

உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவு இன்னும் உயிரோடு இருப்பது போல எனக்குத் தோன்றும். இந்த ஊரின் தனி நிர்வாக நிலையில் மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்கிறது அது. 1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்ப்பது பற்றிப் பேசினார். ஊர் கொந்தளித்தது. கட்சி பேதம் இல்லாமல் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. பேசுவது ஒரே தமிழ், கும்பிடுவது ஒரே சாமி, ஆனாலும் எங்களைக் கேட்காமல் எங்களை எடுத்துக்கொள்ளாதே என்றார்கள். கீழூரில் பழகிய பழக்கம்!

கம்பெனி எடுத்துக்கொள்ளும் கதைக்கும் இங்கே ஒரு பெரிய உதாரணம் உண்டு, அதுவும் சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடு முழுக்கப் படிக்கும் உதாரணம். 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். சவானா ஆலை அது. அந்த ரத்தத்துக்குப் பிறகே 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அதே ஆலை பின்னால் சுதேசி காட்டன் மில்ஸ் கம்பெனியின் கைக்குப் போனது. 1978 ஏப்ரல் 13 அன்று, கான்பூரில் தொடங்கிப் புதுச்சேரி வரை அந்தக் கம்பெனியின் ஆறு ஆலைகளின் நிர்வாகத்தையும் மத்திய அரசு ஒரே உத்தரவில் எடுத்துக்கொண்டது. எடுப்பதற்கு முன் எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று கம்பெனி வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1981-ல் தீர்ப்பு வந்தது. அவசர நடவடிக்கைக்கான சட்டப் பிரிவாகவே இருந்தாலும், பாதிக்கப்படுகிறவர் தரப்பைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள் நீதிபதிகள் சர்க்காரியாவும் தேசாயும். சின்னப்ப ரெட்டி மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். இயற்கை நீதி பற்றிப் பேசும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இந்த வழக்கின் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குள் நம் ஊர் ஆலை இருப்பது எத்தனை வக்கீல்களுக்குத் தெரியும்?

'மில்லை கவர்மென்ட் டேக் ஓவர் பண்ணிடிச்சு' என்று அன்று தொழிலாளர் வீடுகளில் நிம்மதியோடு சொன்னார்கள். வேலை நிலைத்துவிடும் என்ற நம்பிக்கை. கடலூர் சாலையில் ரோடியர் மில் என்று ஊர் சொல்லும் ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையும் 1980-களில் புதுச்சேரி அரசின் கைக்கு வந்தது. இன்று இந்த ஆலைகளில் ஒன்றுகூட ஓடவில்லை. சங்கு ஊதினால் ஊரே கடிகாரம் திருத்திக்கொண்ட காலம் போய்விட்டது. ஏற்றுக்கொண்ட அரசுகள் நூலுக்கும் தறிக்கும் காட்ட வேண்டிய அக்கறையைக் காட்டவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆரோவில்லும் எடுத்துக்கொள்ளப்பட்ட ஊர் என்பது தெரியுமா? 1968-ல் அரவிந்தர் ஆசிரமத்து அன்னை தொடங்கி வைத்த நகரம். 1973-ல் அவர் மறைந்த பிறகு, அரவிந்தர் சங்கத்துக்கும் அங்கே குடியிருந்தவர்களுக்கும் நிர்வாகம் யாருடையது என்று தகராறு முற்றியது. 1980-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. மதத்தில் தலையிடுகிறார்கள் என்று வழக்கு வந்தபோது, 1982-ல் உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது: அரவிந்தரின் போதனை ஒரு மதம் அல்ல என்றது. ஒரு நிர்வாகத் தகராறு, மதம் என்றால் என்ன என்று நாட்டின் உயர்ந்த மன்றத்தை யோசிக்க வைத்துவிட்டது! 1988-ல் நாடாளுமன்றமே ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது.

மூன்றாவது பொருள் மிச்சம் இருக்கிறது: பொறுப்பேற்பது. பாரதி பூங்காவுக்கு எதிரே இருக்கும் ராஜ் நிவாஸ், பிரெஞ்சு ஆளுநர்களின் மாளிகை. 2021 பிப்ரவரியில் ஒரே பத்து நாளுக்குள் அங்கே நடந்ததைக் கேளுங்கள். 16-ம் தேதி துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நீக்கம். 18-ம் தேதி தெலங்கானா ஆளுநர் தமிழிசை சவுந்தரராஜன் கூடுதல் பொறுப்பேற்பு. 22-ம் தேதி முதலமைச்சர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்தது. 25-ம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி.

இத்தனை கை மாறியும் மாறாத ஒன்றைச் சொல்லட்டுமா? அடுத்த தடவை நேரு வீதி முனையில் சிக்னலில் நிற்கும்போது போக்குவரத்துக் காவலரின் தலையைப் பாருங்கள். உருளையாக, தட்டையான மேற்புறத்தோடு, சிவப்புத் தொப்பி. பிரெஞ்சுப் போலீசின் கெப்பி! ஊழியர்களை எடுத்துக்கொண்ட இந்தியா, அவர்களுடைய தொப்பியையும் எடுத்துக்கொண்டது.